ஒன்பதாம் வரிசைக்குக் கட்டணம் இல்லை

கட்டணம் இல்லை என்று தகவல் வந்த அன்று ஒன்பதாம் வரிசையில் மிக்கேல் சரவெடி கொளுத்தினான். கொளுத்தமாட்டானா பின்னே? தேரிமேட்டில் புதுசாக வீடு கட்டிக் குடிவந்த எவனும் நகராட்சியிடம் மொட்டை போடாமல் தப்பியது கிடையாது. முதல் வரிசையில் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையை விற்றார்கள். நாலாம் வரிசையில் ஒரு புருஷன் பெண்டாட்டிக்குள் அந்தக் கட்டணத்தைப் பார்த்த நாளிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லை. அப்படியிருக்க, சிப்பித்துறை ஆட்களின் நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரு பைசா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மனுஷன் வெடி போடாமல் என்ன செய்வான்?

சலேத்மேரி மட்டும் வெளியே வரவில்லை. அவள் மிக்கேலுக்கு அண்ணன் பெண்டாட்டி, சிப்பித்துறை ஊர்க்கமிட்டிக்குத் தலைவி. சத்தம் போட்டால் நடுக்கடலில் நிற்கிற வள்ளத்துக்குக் கேட்கும் என்று பெயரெடுத்தவள். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிப்பித்துறை இப்போது இல்லை. வருஷத்துக்கு ஒரு தெரு என்று கடல் தின்றது. கடைசியில் சந்தியாகப்பர் கோயிலின் மணிக்கூண்டை மட்டும் தண்ணீருக்கு மேலே மீதி வைத்தது. அரசாங்கம் உள்ளே தள்ளி, தேரி என்கிற செம்மணல் மேட்டில் ஒரு புது நகரத்தைக் கட்டி, அதில் ஒன்பதாம் வரிசையை இவர்களுக்குக் கொடுத்தது. வீடு என்னவோ நல்ல வீடுதான். ஆனால் வந்து இரண்டு மாதமாகியும் சலேத் டிரங்குப் பெட்டியைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. மாதா படம் அந்தப் பெட்டியில் சாய்ந்தபடி தரையில் இருந்தது. ஊர்க் கிடாரம், ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிற செம்புக் கிடாரம், தார்ப்பாயில் சுற்றிய கட்டு அவிழாமல் பின்னறையில் கிடந்தது. ஊர் இருக்கிற இடத்தில்தான் அது அடுப்பேற வேண்டும் என்பது வழக்கம். என்றைக்காவது கடலுக்குத் தடுப்புச் சுவர் எழுப்பித் திரும்பிப் போவோம் என்று நாற்பது குடும்பமும் நஷ்டஈட்டில் ஒரு பங்கைக் கமிட்டியில் போட்டு வைத்திருந்தன. அதற்குக் கரைப்பணம் என்று பெயர். அதை ஆரம்பித்து வைத்ததே சலேத்தான்.

அவள் ஏன் கதவைச் சாத்தினாள்? சிப்பித்துறையில் ஒருவனைத் தண்டிக்க வேண்டுமென்றால் அடிக்க மாட்டார்கள், அபராதம் போட மாட்டார்கள். அவன் வீட்டு ஊர்வரியை வாங்க மாட்டார்கள். அவ்வளவுதான். அடுத்தவன் வலையை அறுத்த தொம்மை என்பவன் வரிப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்று அழுததை சலேத் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். வரி வாங்கவில்லை என்றால் நீ இந்த ஊரில் கணக்கில்லை. உன் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் சாவு விழுந்தாலும் மணி அடிக்காது. இப்போது நாற்பது வீட்டுக்கும் சேர்த்தே ஒருவன் வரி வேண்டாம் என்கிறான், இந்த மடையன் வெடி போடுகிறான்!

மறுநாள் குழாய் லாரி வந்தது. எட்டாம் வரிசைக்கு இறக்கிய குழாய்க்குள் பூனை படுத்துத் தூங்கலாம். ஒன்பதாம் வரிசைக்கு இறக்கியதைச் சலேத் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் வளையலுக்குள் நுழைந்துவிடும் போல இருந்தது. அதைக் கையில் பிடித்தபடியே நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

அங்கே இளநிலைப் பொறியாளர் தளவாய் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி வருகிறவர்களிடம் காலையிலிருந்து பேசிப் பேசி வாடிப்போயிருந்தான்.

"தம்பி, எங்களுக்குக் கட்டணம் போடணும்" என்றாள் சலேத்.

"குறைக்கணுமா யம்மா?"

"இல்லாததுல என்னத்தக் குறைப்பிய? போடணும்னு சொல்லுதேன்."

தளவாய் எழுந்து நின்றுவிட்டான். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவன் கேட்டதில்லை.

இந்த இடத்தில் தராசைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு வீடு புதிதாக முளைத்தால் ஊருக்குப் பாரம் கூடுகிறது. தண்ணீர் வேண்டும், சாக்கடை வேண்டும், ரோடு தேயும், பள்ளிக்கூடத்தில் இன்னும் ரெண்டு பெஞ்சு வேண்டும். அதற்குப் புது வீட்டுக்காரன் கொடுப்பதுதான் மேம்பாட்டுக் கட்டணம். அந்தக் காலத்தில் இதைச் சதுரஅடிக் கணக்கில் வாங்கினார்கள். வாங்கிய காசு எங்கே என்று கேட்டால் ஊர் எல்லையில் நிற்கிற அலங்கார வளைவைக் காட்டுவார்கள். தேரிமேட்டில் அந்த ஜோலியே வேண்டாமென்று கணக்கை ஒரு கருவியிடம் விட்டுவிட்டார்கள். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு முழம் நீளம் இருக்கும். ஜனங்கள் வைத்த பெயர் தராசு. அது புது வீட்டின் குழாய், தரை, சுவர் எல்லாவற்றிலும் உணரிகளாகப் பதிந்திருக்கும். முகத்தைப் பார்க்காது, பேச்சை ஒட்டுக்கேட்காது. ஓட்டம், அழுத்தம், அதிர்வு, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். இரண்டு மாதம் இதை வைத்துக்கொண்டே அந்த வீடு முப்பது வருஷத்துக்கு ஊருக்கு எவ்வளவு பாரம் என்று சொல்லிவிடும். முதல் வரிசைக்காரர்கள் கட்டணத்தைக் குறைக்க வேண்டுமென்று அந்த இரண்டு மாதமும் மச்சினன் வீட்டில் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். தராசு 'நடிப்பு' என்று ஒரே சொல்லைப் போட்டு, கட்டணத்தை இரண்டு மடங்காக்கிவிட்டது.

"எந்தத் தெருவுல வாங்குதோமோ அந்தத் தெருவுக்குத்தான் செலவழிக்கணும். வாங்காத தெருவுக்கு ஒரு செங்கல்லு வைக்கக் கூடாது. சட்டமே அப்படித்தான் யம்மா" என்றான் தளவாய்.

"அப்ப இந்தக் குழாயி?"

"குடிக்கதுக்கு மட்டும். அது இரக்கத்துக்குக் குடுக்கது."

இரக்கம்! சலேத்துக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரைக்கும் எரிந்தது. "சாக்கடை?"

"இல்ல."

"எம் மக வினோலியா மாசமா இருக்கா. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்?"

தளவாய் மேசையில் கிடந்த வரைபடத்தைப் புரட்டினான். "உங்க வரிசைக்குப் பெஞ்சு ஒதுக்கல யம்மா. மாசக் கடைசில காங்கிரீட் ரோடு போட்டுருவாங்க. பிறகு முப்பது வருசத்துக்கு யாரும் தோண்ட முடியாது. இருக்க குழாய்தான் இருக்கும்."

"எதை வச்சி எங்களைப் பூஜ்யம்னு எழுதுச்சு உங்க தராசு?"

"காரணம் மேலிடத்துக்குத்தான் போகும், எனக்கு வராது. கேட்டு வாங்கித் தாரேன். ஆனா நாப்பது வீட்டுத் தண்ணியும் சேந்து ஒரு வீட்டுத் தண்ணி அளவுக்குக்கூட வரல யம்மா. நீங்க குளிக்க மாட்டியளா?"

குளிக்காமல் என்ன! விருந்துக்குப் போன இடத்தில் ரெண்டாம் தடவை குழம்பு கேட்காத ஜனம் அது. அரசாங்கம் கொடுத்த வீடு, அடுத்தவன் தண்ணீர், நாம் அள்ளிக் கொட்டுவதா என்று பெண்கள் மினிபஸ் ஏறிப் பழைய கரையோர ஊற்றில் போய்க் குளித்துத் துவைத்துவிட்டு வந்தார்கள். சொல்லி வைத்துச் செய்ததில்லை. ஒருத்தி போனாள், எல்லாரும் போனார்கள். அது நடிப்பும் இல்லை, அதனால்தான் தராசு அதை அப்படியே நம்பிவிட்டது.

"மறுபார்வைன்னு ஒண்ணு இருக்கு. ரோடு போடுத வரைக்கும் தராசு உங்களைத் திரும்பப் பாக்கும். கூட்டச் சொல்லி இதுவரை ஒருத்தரும் கேட்டதில்ல, கேக்கக் கூடாதுன்னும் சட்டத்துல இல்ல" என்றான் தளவாய்.

அன்று சாயங்காலம் தெருவில் கூட்டம் போட்டாள். மிக்கேல்தான் முதலில் எகிறினான்.

"மதினி, காசு கேக்கலன்னா சந்தியாகப்பருக்கு மெழுகுதிரி ஏத்துங்க. கேக்கச் சொல்லி யாராவது மனுக் குடுப்பாவளா?"

"ஏல, வரி வாங்காத வீட்டை நம்ம ஊர்ல என்னன்னு சொல்லுவாவ? நீயே சொல்லு."

மிக்கேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் முதல் தண்ணீரைத் தாராளமாகச் செலவழிப்பதென்று முடிவாயிற்று. அடேயப்பா, அந்தக் கூத்தைப் பார்த்திருக்க வேண்டும்! குழாயைத் திறந்துவிட்டுப் போ என்றால், திறந்துவிட்டுப் போனவள் திரும்பி வந்து அடியில் குடத்தை வைத்தாள். குடம் நிறைந்ததும் அண்டாவை வைத்தாள். அண்டாவும் நிறைந்ததும் பாவம் பிடிக்கும் என்று குழாயை அடைத்துவிட்டாள். மிக்கேல் ஒருவன்தான் துணிந்து தெருவையே கழுவினான். செம்மணல் அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி கிடந்தது. வாரக் கடைசியில் தராசின் பதில் வந்தது. ஒரே சொல். நடிப்பு.

சலேத் இடிந்துபோய் வீட்டுக்குள் உட்கார்ந்தாள். மத்தியான நேரம். வினோலியா மாதா படத்துக்கு மெழுகுதிரி ஏற்ற வந்தாள். வயிறு தள்ளியிருந்தது, தரை வரைக்கும் குனிய முடியவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே நின்றாள்.

"எம்மா, இந்தப் படத்தைச் செவுத்துல மாட்டுனா என்ன?"

"செவுரு கெட்டுப்போகும்ளா."

"யாரு செவுரு?"

சலேத் படத்தைப் பெட்டியோடு இன்னும் ஒட்டிச் சாய்த்து வைத்தாள்.

"நம்ம ஊருக்குப் போவோம் போவோம்னு பெட்டியக் கட்டியே வச்சிருக்க. போ, வேண்டாங்கல. ஆனா எம் பிள்ள உன் ஊரு எதுன்னு கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன்? தண்ணிக்குள்ள நிக்க மணிக்கூண்டையா?" மகள் மெழுகுதிரியைப் பெட்டி மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுதிருப்பாள் போல.

சலேத் வெகுநேரம் அந்தச் சுவரைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல், விருந்தாளி வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது. அப்புறம் எழுந்தாள். பெட்டியின் அடியில் துருப்பிடித்த ஆணி ஒன்று கிடந்தது. வீட்டில் சுத்தியல் இல்லை. அம்மிக் குழவியைத் தூக்கி வந்தாள். முதல் அடியில் காரை உதிர்ந்தது. கொலை பண்ணிவிட்டது போல வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ரெண்டாவது அடியில் ஆணி நின்றது. மூன்றாவது அடியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது, புருஷன் செத்தபோதுகூட இப்படி அழவில்லை. படத்தை மாட்டினாள், கோணலாக இருந்தது, சரிப்படுத்தினாள்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு சூசையம்மாள் எட்டிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், சலேத்தின் முகத்தைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக்குள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒரு சத்தம். எதிர்வாடையில் ஒன்று. பொழுது சாய்வதற்குள் ஒன்பதாம் வரிசை முழுக்க ஒரே தட்டலாக இருந்தது. மிக்கேல் வீட்டில் மட்டும் மூச்சு இல்லை.

அன்று மாலையே சலேத் பின்னறைத் தார்ப்பாயை அவிழ்த்துக் கிடாரத்தைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அடுத்த வாரம் சந்தியாகப்பர் திருநாள். இங்கனதான் அசனம். எட்டு வரிசையையும் சாப்பிடக் கூப்பிடுதோம்."

மிக்கேல் ஓடி வந்து கிடாரத்தின் வளையத்தைப் பிடித்துக்கொண்டான். "மதினி, இதை இங்க அடுப்புல ஏத்துனா அங்க முடிஞ்சிபோச்சுன்னு அர்த்தம்."

"முடிஞ்சிதான்ல போச்சு."

அதை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மிக்கேல் மெதுவாகக் கையை எடுத்தான். பெரிய ஆம்பிளை, குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்துவிட்டு வீட்டுக்குள் போனான். நாற்பதாவது வீட்டிலும் ஆணி இறங்குகிற சத்தம் கேட்டது.

அசனத்தைப் பற்றி இன்றைக்கும் தேரிமேட்டில் பேசிக்கொள்வார்கள். கிடாரத்துச் சோற்றின் வாசனையும் ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனையும் முதல் வரிசை வரைக்கும் போய் ஆட்களை இழுத்து வந்தன. நாலாம் வரிசையின் பேசாத புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "குழம்பு ஊத்தச் சொல்லு" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். தளவாய் வந்தான். போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கினான். குழாய்கள் திறந்தபடி கிடந்தன, யாரும் குடம் வைக்கவில்லை. வாருங்கள், உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று ஒன்பதாம் வரிசைக்காரர்கள் அன்றைக்கு ஊரையே அதட்டினார்கள். வீட்டுக்காரர்கள்தானே அதட்ட முடியும்?

ரோடு போட ஆள் வருவதற்குச் சற்று முன்னால் கட்டணம் வந்தது. எட்டாம் வரிசையைவிடக் கூடுதல். குழாய், சாக்கடை, ரோடு, பள்ளிக்கூடப் பெஞ்சு, கல்லறைத் தோட்டத்தில் இடம், எல்லாவற்றுக்கும் சேர்த்து. மிக்கேல் அதைக் கேட்டதும் மார்பில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எழுந்துபோய் மிச்சமிருந்த சரவெடியைக் கொளுத்தினான்.

பணம் எங்கிருந்து? கமிட்டியில் அந்தக் கேள்வியே எழவில்லை. எல்லாரும் சலேத்தைப் பார்த்தார்கள். அவள் தலையசைத்தாள். கரைப்பணம் அப்படியே இருந்தது. இனி அது எந்தக் கரைக்கு?

கட்டணம் கட்டுவதற்கு ஊர்வலம் போனதை உலகத்தில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? தேரிமேடு பார்த்தது. முன்னால் பேண்டு வாத்தியம், நடுவில் தாம்பாளத்தில் பணம், அதற்குப் பட்டுக்குடை பிடித்துக்கொண்டு மிக்கேல், பின்னால் திருநாள் சேலை கட்டிய நாற்பது வீட்டுப் பெண்கள். முதல் வரிசைக்காரர்கள் மாடியில் நின்று வாயைப் பிளந்தார்கள். அலுவலகத்தில் ஆளாளுக்கு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

தளவாய் சலேத்தின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "யம்மா, இடம்பெயர்ந்து வந்தவங்களுக்குப் பாதிச் சலுகை உண்டு. கையெழுத்து மட்டும் போடுங்க. பாதி போதும், வேலை எல்லாம் முழுசா நடக்கும்."

"பாதி வரி கட்டுனவனுக்கு எங்க ஊர்ல பாதிக் குழிதான் வெட்டுவாவ தம்பி. முழுசா எடுத்துக்கிடுங்க." தாம்பாளத்தை மேசை மேல் வைத்தாள். "ரசீதுல ஒன்பதாம் வரிசைன்னு எழுதாதிய. சிப்பித்துறைத் தெருன்னு எழுதுங்க."

அவன் எழுதினான். எழுதி முடித்துவிட்டுத் தயங்கினான்.

"நீங்க கேட்ட காரணம் வந்துட்டு யம்மா. நான் நினைச்சது தப்பு. தண்ணிய வச்சி அது பூஜ்யம் போடல. 'இவர்கள் தங்கமாட்டார்கள்'னு போட்டிருக்கு."

சலேத் ரசீதைக் கையில் வாங்கினாள். "அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ரெண்டு மாசமா நாப்பது வீட்டுச் செவுத்துலயும் ஒரு ஆணி இறங்கல. ஆளு குடியிருக்க வீட்டுல அப்படி இருக்காதாம். பிறகு ஒரு நாள் மத்தியானம் ஒரே ஒரு வீட்டுல மூணு தட்டு விழுந்திருக்கு. அங்க இருந்துதான் கணக்கு மாறியிருக்கு. அன்னைக்குப் பொழுது அடையதுக்குள்ள முழுக் கட்டணமும் முடிவாயிட்டு."

"அன்னைக்கேவா?" குடையைப் பிடித்திருந்த மிக்கேல் பின்னாலிருந்து அலறினான். "அப்ப அசனம்? அத்தன ஆடு? அத்தன அரிசி?"

"அது தராசுக்குத் தேவைப்படல" என்றான் தளவாய், மெல்ல.

சலேத்துக்குச் சிரிப்பு வந்தது. நடுக்கடல் வள்ளத்துக்குக் கேட்கிற அந்தப் பழைய சிரிப்பு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்தது.

"ஏல கோட்டிக்காரா, தராசுக்காகவால சோறு போட்டோம்? நம்ம ஊருக்கு வந்தவங்களுக்குல்லா போட்டோம்!" தளவாயைப் பார்த்தாள். "அடுத்த வருசமும் இதே நாளுதான் தம்பி. வீட்டுல உள்ளவங்களையும் கூட்டிட்டு வாங்க."

ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். பேண்டுக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாக அடிக்கச் சொன்னாள்.